பாத்திக்குள் ஒரு ராட்சசப் பூவிழி

அந்த வாரம் உப்பளத் தெருவில் ஒரு வீட்டுக் குழம்பிலும் உப்பு இல்லை.

தெருமுனையில் நின்று பார்த்தால் குன்று குன்றாக உப்பு குவிந்து கிடக்கும். லாரி லாரியாக மரக்காணத்தை விட்டு உப்பு போகும். ஆனால் தேவாவின் தட்டில் ஒரு கல் உப்பு கிடையாது.

"பூவிழி! இன்னிக்கும் எங்கம்மா மீன் கொழம்புல உப்பு போடல. எல்லாம் உன்னாலதான்!" என்று பள்ளிக்கூட வாசலிலேயே சண்டைக்கு வந்தான் தேவா.

"நான் இன்னாடா பண்ணேன்?"

"நீ உப்பு உப்பா துன்னு நோவ இழுத்துக்கினியாம். நானும் துன்னா எனக்கும் அதே நோவு வரும்னு சொல்லி எங்கம்மா டப்பாவத் தூக்கிப் பரண் மேல வெச்சிட்டாங்க. நேத்து சோத்தப் பாத்து அழுதேன். கண்ணீரு வழிஞ்சி வாயில பட்டுது. அது ஒண்ணுதான் ருசியா இருந்துது!"

பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள். தேவாவும் சிரித்துவிட்டான். ஆனால் வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் நோயைப் பற்றி ஊர் இப்படியா நினைத்துக்கொண்டிருக்கிறது?

போன வருடம் பூவிழி இளைத்துக்கொண்டே போனாள். எழுந்து நின்றால் தலை சுற்றும். விரல் முட்டியும் ஈறும் கறுத்துப்போயின. எந்நேரமும் உப்பு வேண்டும் என்று நாக்கு கேட்கும். வேறு ஊராக இருந்தால் யாராவது 'ஏன்?' என்று கேட்டிருப்பார்கள். இங்கே எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது.

கறுத்துவிட்டாளா? உப்பள வெயில் அப்படி. சோர்ந்து போகிறாளா? அதுவும் வெயில். உப்பு தின்கிறாளா? உப்பளத்துப் பிள்ளை உப்பு தின்னாமல் வேறென்ன தின்னும்?

ஒருநாள் காய்ச்சலும் வாந்தியும் வந்து, பேச்சு மூச்சில்லாமல் விழுந்தாள். அம்மா சகாயசெல்வி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கேதான் டாக்டர் கண்டுபிடித்தார். அதன் பெயர் அடிசன் நோய்.

"உன் சிறுநீரகம் ஒவ்வொண்ணு மேலயும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குது. அதுக்கு அட்ரினல்னு பேரு. ஒடம்புல இருக்குற உப்ப ஓடிப்போகாம பாத்துக்குறது, காய்ச்சல் வந்தா தெம்பு குடுக்குறது எல்லாம் அதோட வேல. கிருமிய அடிக்கிறதுக்குன்னு உடம்புக்குள்ள ஒரு படை இருக்கும். உன் படை அந்தச் சுரப்பியையே எதிரின்னு நெனச்சி அடிச்சிடுச்சி."

"ஏன் டாக்டர்?"

"அது இன்னும் எங்களுக்கே முழுசாத் தெரியல. ஆனா நீ செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல. இது யாருக்கும் ஒட்டாது. தெனமும் மாத்திரை போடணும். நிறுத்தவே கூடாது. போட்டீன்னா ஓடலாம், குதிக்கலாம், மரம் ஏறலாம்."

"கோ-கோ ஆடலாமா?"

"அதுவும் ஆடலாம். ரொம்ப வேர்க்குற நாள்ல உப்பு சேத்துக்க."

இவ்வளவும் பூவிழிக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் செய்தி புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி மரக்காணத்தில் இறங்குவதற்குள் தலைகீழாக மாறிவிட்டது. உப்பு தின்றதால் வந்த நோய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அன்று மாலை கோ-கோ பயிற்சி. வரும் சனிக்கிழமை கிளியனூரில் குறுவட்டப் போட்டி. பூவிழி ஓடினால் மைதானத்துப் புழுதி அவளுக்குப் பின்னால் தாமதமாகத்தான் எழும். குழுத்தலைவி சரண்யாவே, "இவ ஓடுனா நாம ஒக்காந்தே இருக்கலாம்டி" என்பாள்.

பயிற்சி முடிந்ததும் சட்டை நனைந்து போயிருந்தது. பூவிழி பையிலிருந்து உப்புப் போட்ட மோரை எடுத்தாள். அப்போது தேவாவைக் கூப்பிட வந்த அவன் அம்மா கொளஞ்சியம்மாள் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ! உப்பு மோரா? கண்ணு, திரும்பவும் ஒடம்பக் கெடுத்துக்கப் பாக்குறியா?"

பூவிழி தடுப்பதற்குள் பாட்டிலைப் பிடுங்கி மோர் முழுவதையும் மண்ணில் கொட்டிவிட்டாள்.

"அத்தை, டாக்டர்தான்..."

"டாக்டருக்கு இன்னா தெரியும் நீ எவ்ளோ உப்பு துன்னேன்னு! இந்தா, வெறும் தண்ணி குடி." கொளஞ்சியம்மாளின் கண் கலங்கியிருந்தது. பூவிழிக்குக் கோபப்படவும் முடியவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்த பூவிழிக்கு மைதானம் ஊஞ்சல் போல ஆடியது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். சரண்யா அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். உப்பு கலந்த தண்ணீர் குடித்து, மாத்திரையும் போட்டுச் சற்று நேரம் படுத்திருந்த பிறகு சரியாகிவிட்டது. ஆனால் உடற்கல்வி ஆசிரியர் கௌதமன் சாரின் முகம் சரியாகவில்லை.

"பூவிழி, சனிக்கிழமை நீ வேணாம்மா."

"சார்!"

"கேளும்மா. உன் நோவு இன்னான்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் சரியாத் தெரியல. அங்க நீ விழுந்தீன்னா ஆளாளுக்கு ஒண்ணு செய்வாங்க. இன்னிக்கு ஆன மாதிரி."

பூவிழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஊருக்கே தெரிஞ்சிட்டா சேத்துப்பீங்களா சார்?"

"ஊருக்கே தெரிஞ்சிட்டா தாராளமா சேத்துக்கிறேன்." அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்து சார் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூவிழிக்கு அப்போதுதான் பேச்சே ஆரம்பித்தது.

வீடு வீடாகப் போனாள். சுரப்பி என்றாள், அட்ரினல் என்றாள். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். கொளஞ்சியம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரை கேட்டாள்.

"புரிஞ்சிதா அத்தை?"

"நல்லாப் புரிஞ்சிது கண்ணு. அப்ப உப்ப எப்ப நிறுத்துவ?"

மறுநாள் பள்ளி முடிந்து உப்பளத்துக்குப் போனாள். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. நூலகத்துப் புத்தகங்களில் வரும் பனி நாடுகள் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்தப் பனியில் ஓநாய்கள் ஓடும். இங்கே நண்டுகள் ஓடின.

அப்பா வரப்பில் குனிந்து மடையைத் திறந்துகொண்டிருந்தார். கையால் சேற்றை விலக்கினால் அடுத்த பாத்திக்கு உப்புநீர் ஓடும். போதும் என்றால் ஒரு பிடி சேற்றை அப்பி அடைத்துவிடுவார்.

"அப்பா, நீ இல்லேன்னா இன்னா ஆவும்?"

"மடை தொறந்து கெடந்தா? தண்ணியெல்லாம் ஓடிப் போயிடும். பாத்தி காஞ்சிடும். அப்பறம் எங்க உப்பு?"

பூவிழி அப்படியே நின்றாள். பிறகு வரப்பின் மேலேயே குதித்தாள்.

"அப்பா! என் ஒடம்புல மடை பாக்குற ஆளு இல்லப்பா!"

"இன்னாம்மா சொல்ற?"

"அதான்ப்பா! அதேதான்!" அவள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தாள்.

உப்பளத்தின் முதலாளி பஞ்சநாதன் பைக்கில் உட்கார்ந்து போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பூவிழி அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"ஐயா, ஓரத்துல ஒரு பாத்தி சும்மா கெடக்குதே. நாளைக்கு ஒரு நாள் எங்களுக்குத் தருவீங்களா? வெளாட."

"ஆங், ஆங், எடுத்துக்க. நல்ல பாத்தியில கால வெச்சீங்க, தொலைச்சிடுவேன்!" என்றார். அடுத்த நொடியே போனில், "உன்னச் சொல்லலப்பா, லாரிய அனுப்பு!" என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை, ஓரத்துப் பாத்தியில் ஒரு ராட்சசப் பெண் படுத்திருந்தாள்.

கோ-கோ குழு முழுவதும் சேற்றில் இறங்கி அவளைச் செய்தது. சின்னச் சின்ன வரப்புகள்தான் அவளுடைய தோள், கை, கால். உச்சந்தலையில் ஒரு மடை, அதன் வழியாக வாய்க்கால் நீர் உள்ளே வரும். பாதத்தில் இன்னொரு மடை, அதன் வழியாக வெளியே போகும். இடுப்பில் இரண்டு மண் உருண்டைகள் சிறுநீரகங்கள். அவற்றின் மேல் கொட்டாங்கச்சிகள் தொப்பிகள்.

"ரெட்டச்சடை வைக்கலாம்டி. அப்பத்தான் பூவிழி மாதிரி இருக்கும்," என்றாள் சரண்யா.

"மூக்கு மட்டும் நண்டு மாதிரி இருக்குது," என்றான் தேவா.

"உன்ன மாதிரி இருக்குதுன்னு சொல்லு!"

வேலை முடிந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வரப்பில் நின்றார்கள். அம்மா வந்தாள். கொளஞ்சியம்மாள் வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கௌதமன் சாரும் வந்தார்.

"எல்லாரும் பாருங்க! இதுதான் என் ஒடம்பு!" என்று பூவிழி கத்தினாள். உச்சந்தலை மடையைத் திறந்துவிட்டாள்.

உப்புநீர் சலசலவென்று தலைக்குள் புகுந்தது. கழுத்தில் நெளிந்தது. கைகளில் ஓடியது. பாத்தியின் மண்ணில் ஒரு பெண் வெள்ளியாக மின்னினாள். "அட!" என்றார்கள் எல்லோரும்.

"இதோ, இவன்தான் மடை பாக்குறவன்! அந்தத் தொப்பிச் சுரப்பி!"

தேவா சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு பாதத்து மடையில் நின்றான். தண்ணீர் ஏறினால் கொஞ்சம் திறந்தான். இறங்கினால் அடைத்தான். அடைக்கும் ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

"இவங்க படைக்காரங்க! கிருமி வந்தா வெரட்டுவாங்க!"

சரண்யாவும் மற்ற பெண்களும் குச்சிகளோடு பாய்ந்தார்கள். முகத்தில் கரி பூசிய சின்னப் பிள்ளைகள், "நாங்க கிருமி! நாங்க கிருமி!" என்று உள்ளே ஓடிவந்தார்கள். படை அவர்களைத் துரத்தியது. ஊர் கைதட்டியது. ஒரு கிருமி சறுக்கி விழுந்து, "அம்மா!" என்று அழுதது. படைக்காரி ஒருத்தி அதைத் தூக்கி மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடி துரத்தினாள்.

அடுத்ததாகப் படை தேவாவைத் தவறாகப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். அதுதான் திட்டம்.

ஆனால் தேவா வணக்கம் வைக்கும் உற்சாகத்தில் பின்னால் ஒரு அடி வைத்தான். சாக்கு கண்ணை மறைத்தது. வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தான். வாயில் புகுந்த உப்புநீரைத் துப்பிக்கொண்டே எழுந்து, "அப்பாடா! இன்னிக்குத்தான் உப்பு கெடச்சிது!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மடை திறந்தே கிடந்தது.

சரியாக அப்போது பைக்கில் வந்து இறங்கினார் பஞ்சநாதன். போன் பேச்சுக்கு நடுவே பாத்தி தருவதாகச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. மோட்டார் வைத்து இறைத்த உப்புநீர் வீணாக ஓடுவது மட்டும்தான் கண்ணில் பட்டது. துண்டைத் தலையில் கட்டினார், வேட்டியை மடித்தார், ஒரே தாவலில் பாதத்து மடைக்குப் போய்க் குந்தி இரண்டு கையாலும் சேற்றை அள்ளினார்.

கிருமியைத் துரத்திய வேகத்தில் திரும்பி வந்த படைக்கு, மடையில் குனிந்திருந்த ஒரு முதுகு தெரிந்தது. அது தேவாதான் என்று நினைத்து சரண்யா குச்சியை உயர்த்தினாள்.

"மடையில எதிரி! பிடிங்கடி!"

ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுத்தார்கள்.

"ஏய்! உடுங்க! இது என் பாத்தி! நான்தான் ஓனரு!"

"எதிரி அப்பிடித்தான் சொல்லுவான்! உடாத, இழு!"

வரப்பில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி உப்பளமே சிரித்தது. பஞ்சநாதன் சேற்றில் உட்கார்ந்தபடி வெளியே போய்ச் சேர்ந்தார். துண்டு அவிழ்ந்ததும்தான் சரண்யா அவர் முகத்தைப் பார்த்தாள். குச்சி தானாகக் கையிலிருந்து விழுந்தது.

பூவிழி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்கள் பளபளத்தன. வரப்பின் மேல் ஏறினாள்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! இதேதான் எனக்கு நடந்துது! மடைய அடைக்க வந்தவரையே எதிரின்னு நெனச்சி என் படை வெரட்டிடுச்சி! அவரு என்னோட ஆளுன்னு அதுக்குத் தெரியல! இப்ப இவளப் பாருங்க!"

எல்லோரும் ராட்சசப் பெண்ணைப் பார்த்தார்கள். பாதத்து மடை வழியாக நீர் குபுகுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கைகள் வற்றின. கழுத்து வற்றியது. இரட்டைச்சடை வெறும் சேறாகிவிட்டது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

கொளஞ்சியம்மாள் மெதுவாகப் பாத்தியின் ஓரத்துக்கு வந்தாள்.

"அப்ப... நீ உப்பு துன்னதால நோவு வரல."

"இல்ல அத்தை."

"உள்ள இருந்த உப்பெல்லாம் ஓடிப்போச்சி. அதனாலதான் நாக்கு உப்பு கேட்டுது."

"அதேதான் அத்தை! அதேதான்!"

"அடியே கண்ணு! நான் மோர மண்ணுல ஊத்திட்டேனே!"

"நீங்க எனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானே ஊத்துனீங்க." பூவிழி சேற்றுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். புடவையில் பத்து விரலும் பதிந்தன.

"அதெல்லாம் சரி," என்றார் பஞ்சநாதன் சேற்றிலிருந்து. "இப்ப என் மடைய யாரு அடைக்கிறது?"

"மாத்திரை! ஓடி வா!" என்று கூப்பிட்டாள் பூவிழி.

வட்டமான வெள்ளை அட்டையைக் கழுத்தில் மாட்டிய குட்டிப் பையன் ஒருவன் ஓடிவந்து, ஒரு பிடி சேற்றை மடையில் அப்பினான். நீர் நின்றது. ராட்சசப் பெண்ணின் கால் நிறையத் தொடங்கியது. கைதட்டல் கேட்டு அவன் வெட்கப்பட்டு ஓடப் பார்த்தான். அதற்குள் சேறு கரைந்து நீர் கசிந்தது.

"டேய் மாத்திரை, போகாத! திரும்ப அடை!" என்று ஊரே கத்தியது.

"அதான் தெனமும் போடணும்," என்றாள் பூவிழி. "வெரட்டுன ஆளு திரும்ப வர மாட்டாரு. அவரு வேலைய மாத்திரைதான் செய்யணும்."

பஞ்சநாதன் எழுந்து வேட்டியை உதறினார். "ஓனரையே வெரட்டிட்டா பாத்தி இன்னாம்மா ஆவும்? எனக்கு நல்லாவே புரியுது," என்றார். "ரொம்ப நல்லாவே."

கௌதமன் சார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தார். "பூவிழி, காய்ச்சல் வந்தா?"

"கிருமி நெறைய வந்தா மடைக்காரருக்கு வேல அதிகம் சார். அன்னிக்கு டாக்டர் சொன்ன அளவுக்கு மாத்திரைய கூட்டணும்."

"வாந்தி எடுத்தா?"

"மாத்திரை உள்ள நிக்காதே! அப்ப உடனே ஊசி. என் பையிலயே இருக்குது, அம்மாவுக்கும் நம்ம ஊரு நர்சக்காவுக்கும் போடத் தெரியும். போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடணும். நான் மயங்கி விழுந்தாலும் அதேதான்."

சார் மக்கள் பக்கம் திரும்பினார். வகுப்பில் கேட்பது போலவே கேட்டார்: "இந்தப் பொண்ணு மயங்கி விழுந்தா இன்னா செய்யணும்?"

"ஊசி! ஆஸ்பத்திரி!" என்று உப்பளம் அதிர்ந்தது. தேவாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"உப்பு மோர் கேட்டா?"

"குடுக்கணும்!" இம்முறை கொளஞ்சியம்மாள் எல்லோரையும் முந்திவிட்டாள்.

"சார்," என்றாள் பூவிழி. "இப்ப ஊருக்குத் தெரியுமா?"

சார் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"காலைல வேன் வந்துடும். லேட்டா வந்தா உட்டுட்டுப் போயிடுவேன்," என்றார்.

சரண்யா போட்ட கூச்சலில் உப்புக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின.

சனிக்கிழமை கிளியனூர் மைதானத்தில், பூவிழி ஆடுகளத்தின் நடுக்கோட்டில் குந்தியிருந்தாள். காலையில் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து மாத்திரை போட்டிருந்தாள். அம்மா ஊசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் முதல் வரிசையில் இருந்தாள். பஞ்சநாதன் லாரியிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

எதிரணிப் பெண் ஒருத்தி தன் முறைக்காகக் காத்துக்கொண்டு கோட்டோரம் நின்றாள். பூவிழியின் மணிக்கட்டில் இருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"அது இன்னா?"

"அடிசன் நோய்னு ஒண்ணு எனக்கு இருக்குது. மயங்கி விழுந்தா இதப் பாத்துத் தெரிஞ்சிப்பாங்க."

"அப்பிடின்னா?"

"உங்க ஊர்ல ஏரி இருக்குதா?"

"இருக்குதே!"

"ஏரிக்கு மதகு இருக்குதா?"

"ஆமா..."

"அத ஒருத்தரு பாத்துக்குவாரு இல்ல? ஒருநாள் உங்க ஊர்க்காரங்களே அவர..."

விசில் ஒலித்தது. அந்தப் பெண் கண் இமைக்காமல் நின்றாள். "அவர இன்னா பண்ணாங்க? சொல்லு, சொல்லு!"

அதற்குள் சரண்யாவின் உள்ளங்கை பூவிழியின் முதுகில் பட்டது.

"கோ!"

பூவிழி பாய்ந்தாள். புழுதி அவளுக்குப் பின்னால்தான் எழுந்தது.